அரக்கக் குலத்தில் பிறந்தவன் கெட்டவனா?

ஒரு விளையாட்டில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் தர்ம வழக்கு

விளையாட்டு வினையாகும் என்பது நம் பழமொழி. அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வழக்காகவே ஆகியிருக்கிறது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு அன்று இது. வீட்டுச் சாப்பாட்டு மேசைகளிலும், கல்லூரி விடுதிகளிலும், பத்திரிகைகளிலும் நடக்கும் வழக்கு.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 'பாதாளச் சிறைகளும் பறவை நாகங்களும்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் இந்த விளையாட்டின் புதிய அரக்கர் கையேடு வெளியாயிற்று. ஐந்நூறுக்கு மேற்பட்ட விசித்திரப் பிராணிகள் அதில் இடம்பெற்றன. ஆனால் 'ஆர்க்' என்ற அரக்கக் குலத்துக்குத் தனி இடம் இல்லை. இத்தனை ஆண்டுகளாக வீரர்களின் வாளுக்கு இரையாகி வந்த குலம் அது. 2024 செப்டம்பரில் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், மனிதரும் குள்ளரும் நிற்கும் அதே வரிசையில் ஆர்க்குகளும் வந்து நின்றுவிட்டார்கள். வெட்டத்தக்க பிராணி என்ற நிலை மாறி, ஆட்டக்காரர் தாமே ஏற்று நடிக்கத்தக்க பாத்திரம் என்ற நிலை வந்துவிட்டது.

இதை வரவேற்றவர்கள் உண்டு. கொதித்து எழுந்தவர்களும் உண்டு. இதற்கு முன்பே, 2024-ல், விளையாட்டின் தொடக்க கால வரலாறு பற்றி வெளியீட்டு நிறுவனமே ஒரு நூல் வெளியிட்டது. பழைய எழுத்துகளில் பெண்களை இழிவாகக் கருதும் போக்கும், அடிமை முறையைச் சாதாரணமாகப் பேசும் போக்கும் இருந்தன என்று அதன் முன்னுரை கூறிற்று. உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஈலான் மஸ்க் அந்த ஆண்டு நவம்பரில் இதைக் கண்டு சீறி விழுந்தார். "அந்த நிறுவனத்தின் விலை என்ன?" என்றும் கேட்டார்.

ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு ஆத்திரமா என்று வியப்புத் தோன்றலாம். ஆனால் இதன் அடியில் கிடப்பது விளையாட்டுக் கேள்வி அல்ல. ஒருவன் நல்லவனா, கெட்டவனா என்பதைத் தீர்மானிப்பது அவன் பிறப்பா, செயலா என்ற பழைய கேள்விதான் அது.

என்ன விளையாட்டு இது?

பரமபதப் பலகையைப் போல இதற்கு ஒரு பலகை கட்டாயம் இல்லை. காசு வைத்து ஆடுவதும் இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்லி, அவரே நடுவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் வாள் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், ஒருவர் பூசாரி.

"நீங்கள் ஒரு குகை வாயிலில் நிற்கிறீர்கள். உள்ளே தீப்பந்த வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை சொல்லி கேட்பார். ஆட்டக்காரர் தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதைச் சொல்வார். அது பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஆறு பக்கப் பகடை மட்டும் அல்ல, இருபது பக்கப் பகடையும் உண்டு. கதை இப்படியே பல வாரங்கள், பல மாதங்கள்கூட நீளும்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் பலம் எவ்வளவு, அறிவு எவ்வளவு என்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளில்தான் 'அறச்சார்பு' என்று ஓர் இடமும் இருக்கிறது. இந்தப் பாத்திரம் தர்மத்தின் பக்கமா, அதர்மத்தின் பக்கமா என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே அதில் எழுதிவிட வேண்டும். வழக்கு முழுவதும் அந்தச் சிறு இடத்தைப் பற்றியதே.

படை வகுப்பில் பிறந்தது

அறச்சார்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? தத்துவ நூலிலிருந்து அல்ல, போர் விளையாட்டிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவர் சின்னஞ்சிறு படைவீரர் பொம்மைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடுபவர். 1971-ல் ஜெஃப் பெரன் என்ற நண்பருடன் சேர்ந்து அவர் ஒரு விதி நூல் வெளியிட்டார். இடைக்காலப் படைச் சண்டைக்கான விதிகள் அவை. அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் பறவை நாகங்களும் வந்தன. அப்படியானால் எந்தப் பிராணி எந்தப் படையில் சேரும்? அதற்காகத்தான் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று வரிசை வகுத்தார்கள். கிரிக்கெட்டில் எந்த அணி என்று கேட்பது போல, அங்கே எந்தப் படை என்பதுதான் கேள்வி. ஆன்மாவைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடக்கும் பெரும் போர் என்ற கற்பனையும் புதிது அல்ல. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் என்ற இரு நாவலாசிரியர்களின் மாயக் கதைகளில் அது முன்பே வந்துவிட்டது.

1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள்தான். அந்த மூன்று வரிசை இதிலும் தொடர்ந்தது. அந்தப் பட்டியலில் ஒரு சுவையான செய்தி உண்டு. மனிதன் மூன்று வரிசையிலும் இருக்கிறான். மனிதரில் எல்லா விதமும் உண்டு என்பது பொருள். ஆர்க்கோ இரண்டு வரிசைகளில் இருக்கிறான், நடுநிலையிலும் குழப்பத்திலும். பின்னால் பிறவிக் கொடியவன் என்று பெயர் வாங்கிய அந்த ஆர்க்கும், முதல் பட்டியலில் எந்தப் பக்கமும் சாராமல் இருக்க இடம் பெற்றிருந்தான்.

ஒன்பது கட்டம்

ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒழுங்கு என்றால் நன்மையா, குழப்பம் என்றால் தீமையா என்று கேட்கத் தொடங்கினார்கள். 1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் தம் நிறுவனத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கு வேறு, நன்மை வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். கிடைக்கோட்டில் ஒழுங்கும் குழப்பமும், நெடுங்கோட்டில் நன்மையும் தீமையும் என்று இரண்டு அளவுகோல்கள் பிறந்தன. 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் இவை மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றன.

இந்த ஒன்பது கட்டத்தில் உண்மையான நுட்பம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழப்பம் என்றால் இங்கே கலவரம் என்று பொருள் அல்ல. பிறர் வகுத்த விதிக்கு அடங்காமல் தன் வழியே போவது என்று பொருள்.

பத்திரத்தில் உள்ள எழுத்துக்கு ஓர் எழுத்துக்கூட மீறாமல், கடன்பட்டவனின் வீட்டையும் நிலத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளும் வட்டிக்காரர் எந்தக் கட்டம்? அவர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் இரக்கம் இல்லை. அவர் ஒழுங்கு வழித் தீயவர். ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று விதவையின் ஓய்வூதியத்தை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும் குமாஸ்தா எந்தக் கட்டம்? அவருக்குப் பகையும் இல்லை, பரிவும் இல்லை. விதி மட்டுமே உண்டு. அவர் ஒழுங்கு வழி நடுநிலை. பணக்காரரைக் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட் தன்வழி நல்லவர். சட்டத்துக்கு அடங்கியவர் எல்லாம் நல்லவர் அல்ல, அடங்காதவர் எல்லாம் கெட்டவரும் அல்ல என்ற பாடத்தைப் பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரு பகடை விளையாட்டு கற்றுக்கொடுத்தது என்றால், அது சிறிய காரியம் அன்று.

விதியும் கடுமையாகவே இருந்தது. நல்லவன் என்று எழுதிவிட்டுக் கெட்டவனாக நடந்தால், பாத்திரத்தின் அறச்சார்பை நடுவர் மாற்றிவிடுவார். 1979-ல் வந்த நடுவர் கையேட்டின்படி, அப்படி மாறியவன் தான் ஏறிவந்த படிகளில் ஒன்று இறங்கவேண்டும். பாலடின் என்ற புனித வீரனுக்கு இன்னும் கடுமை. அவன் ஒழுங்கு வழி நல்லவனாகவே இருந்தாக வேண்டும். தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால், அவனுடைய தெய்வீக ஆற்றல்கள் அத்தனையும் போய்விடும்.

பிறவியில் குத்திய முத்திரை

இதுவரை எல்லாம் சரி. ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு அறச்சார்பு என்பது தாமாகத் தேர்ந்தெடுப்பது; நடத்தையால் இழக்கக்கூடியது. ஆனால் எதிரிகளின் கதை வேறு.

1977-ல் முதல் அரக்கர் கையேடு வந்தது. ஒவ்வொரு பிராணிக்கும் உயரம், கவசம், பல்லின் கூர்மை ஆகியவற்றோடு அறச்சார்பும் அதில் ஒரு வரியாக அச்சாயிற்று. ஆர்க் என்றால் தீயவன். அந்தக் குலத்தில் எத்தனை பேர் பிறந்தாலும் அத்தனை பேருக்கும் அதே ஒரு வரிதான். மனிதனுக்கு மட்டும் எந்த அறச்சார்பும் இருக்கலாம்.

இந்தியருக்குத் தெரிந்த ஒருவரும் அந்தக் கையேட்டில் உண்டு: ராட்சசன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு பேய்க்கதைத் தொடரைப் பார்த்த பாதிப்பில் கைகாக்ஸ் அவனைச் சேர்த்தார். புலித் தலை, மாய வேடம், 'ஒழுங்கு வழித் தீயவன்' என்ற முத்திரை. அரக்கர் குலத்தில் பிறந்து தர்மத்தின் பக்கம் சேர்ந்த விபீஷணனையும், அசுரர் குலத்தில் பிறந்து பக்தியில் சிறந்த பிரகலாதனையும், கொடையால் பெயர்பெற்ற மகாபலியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ராட்சசன் அரைகுறையாகத் தோன்றினால் வியப்பில்லை. புராணம் அரக்கருக்குள்ளும் ஆள் பார்த்தது. கையேடோ குலத்தை மட்டும் பார்த்தது. 1980-ல் வந்த தெய்வங்கள் பற்றிய நூலில் இந்தியத் தெய்வங்களுக்கும் பக்கத்துக்குப் பக்கம் இந்த அறச்சார்பு எழுதப்பட்டது.

முத்திரை எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு ஆர்க்கே சான்று. 1977-ல் அவன் 'ஒழுங்கு வழித் தீயவன்'. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அவன் 'தன்வழித் தீயவன்' ஆகிவிட்டான். இருபத்துமூன்று ஆண்டுகளில் ஒழுங்கு மாறிப்போயிற்று. தீமை மட்டும் மாறவே இல்லை. அவன் என்ன செய்கிறான் என்பதைவிட, அவனை வெட்டலாம் என்பதே முக்கியமாக இருந்தது.

ஆர்க்குகளை இன்றைய வடிவில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். அவருடைய மனமும் இந்த விஷயத்தில் அமைதி அடையவில்லை. அவர் ஆழ்ந்த கத்தோலிக்கர். தீய சக்தியால் எதையும் கெடுக்க முடியுமே தவிரப் படைக்க முடியாது என்று நம்பியவர். அப்படியானால், பேசவும் சிந்திக்கவும் தெரிந்த ஒரு குலம் முழுவதும் மீட்சியே இல்லாமல் கெட்டிருக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கடிதங்களிலும் பிற்காலக் குறிப்புகளிலும் திருப்பித் திருப்பி எழுதிப் பார்த்தார். முடிவான விடை அவருக்கே கிடைக்கவில்லை.

குகையில் குழந்தைகள் இருந்தால்?

இங்கேதான் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடையே சண்டை மூண்டது. புனித வீரன் ஒருவன் ஆர்க்குகளின் குகையை அழிக்கிறான். உள்ளறையில் ஆர்க் குழந்தைகள் இருக்கின்றன. என்ன செய்வது?

பிறவியிலேயே தீயவர் என்பது உண்மையானால், அக்குழந்தைகளைக் கொல்வது தர்மம் ஆகிவிடும். கொல்லாமல் விடுவதே குற்றம் ஆகிவிடும். குழந்தையைக் கொல்வது பாவம் என்பது உண்மையானால், குலத்தின் மீது குத்திய முத்திரை பொய்யாகிவிடும். இரண்டும் சேர்ந்து நிற்க வழியில்லை. எத்தனையோ நண்பர் குழுக்கள் இந்த இடத்தில் முட்டி நின்றன.

2005-ல், பாலடின் தன் கைதிகளைக் கொல்லலாமா என்ற விவாதம் ரசிகர்களிடையே எழுந்தபோது, கைகாக்ஸ் கொல்லலாம் என்ற பக்கமே பேசினார். ஈர்தான் பின்னால் பேனாகும் என்ற பொருள்படும் ஆங்கில வழக்கையும் துணைக்கு அழைத்தார். அந்தச் சொல்லோடு அமெரிக்க வரலாற்றில் பிணைந்த பெயர் கர்னல் ஜான் சிவிங்டன் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

யார் இந்தச் சிவிங்டன்? மெதடிஸ்ட் சபையின் போதகராக இருந்து படைக்கு வந்தவர். 1864 நவம்பர் 29-ஆம் தேதி கொலராடோ பிரதேசத்தில் சாண்ட் கிரீக் என்ற ஓடைக்கரையில், சமாதானத்தை நம்பித் தங்கியிருந்த செயேன், அரபாஹோ பழங்குடி மக்களின் குடியிருப்பின் மீது அவருடைய படை பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அமெரிக்கக் காங்கிரஸ் குழு 1865-ல் விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் படையை விட்டு முன்பே விலகிவிட்ட சிவிங்டன் தண்டனை பெறவே இல்லை. குழந்தைகளையும் ஏன் விடவில்லை என்பதற்கு அவர் சொன்னதாக வழங்கும் விடைதான் அந்த ஈர், பேன் கதை.

பகடை உருட்டி ஆடுகிறவர்கள் எல்லாரும் சிவிங்டன்கள் என்று யாரும் சொல்லவில்லை. கைகாக்ஸ் ஒரு விளையாட்டை வகுத்தவர்; யாரையும் கொன்றவர் அல்லர். ஆனால் கற்பனைக் குகையில் கேட்கும் நியாயமும் உண்மையான ஓடைக்கரையில் கேட்ட நியாயமும் ஒன்றுதான் என்பதை மறைக்க முடியாது. ஒரு குலம் பிறவியிலேயே கெட்டது என்று முதலில் முடிவு கட்டிவிட்டால், பிறகு குழந்தையும் குற்றவாளிதான். வாள் எடுத்தவன் கை கறைபடாது. அவன் புனித வீரனாகவே வீடு திரும்பலாம்.

முத்திரை தளர்ந்த கதை

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1988-ல் ஆர். ஏ. சால்வடோர் என்பவர் இந்த விளையாட்டின் உலகத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் டிரிஸ்ட் என்ற வீரன் வந்தான். பூமிக்கடியில் வாழும் 'டிராவ்' என்ற கொடிய குலத்தில் பிறந்து, அவர்களை விட்டு வெளியேறி நல்வழி நின்றவன். வாசகர்கள் அவனைக் கொண்டாடினார்கள். கையேட்டின் ஒற்றை வரியைவிட, அதற்கு அடங்காத ஒருவனின் கதையே மக்களுக்குப் பிடித்தது.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு சில சிறு சொற்களைச் சேர்த்தது. 'எப்போதும்', 'பெரும்பாலும்', 'பல வேளைகளில்' என்று பிராணிக்குப் பிராணி வேறுபாடு காட்டிற்று. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு ஒன்பது கட்டத்தை ஐந்தாகச் சுருக்கியது. 2014-ல் ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பின. ஆனால் பழைய தண்டனைகள் திரும்பவில்லை.

2020 மே மாதம் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீசாரின் பிடியில் மாண்டார். அமெரிக்கா கொந்தளித்தது. அடுத்த மாதமே விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஆர்க், டிராவ் குலங்களைப் பற்றிய பழைய வருணனைகள், உண்மையான மனித இனங்கள் இழிவாகப் பேசப்பட்ட விதத்தை வேதனையோடு நினைவூட்டுகின்றன என்று அதில் ஒப்புக்கொண்டது. 2021 டிசம்பரில் ஆட்டக்காரர் கையேட்டிலிருந்து குலத்துக்குரிய அறச்சார்பு வரிகள் நீக்கப்பட்டன. 2024-ல் ஆர்க் சம வரிசைக்கு வந்தான். கையேட்டின் மற்றப் பிராணிகளுக்கு அறச்சார்பு இன்னும் உண்டு. நரகத்துப் பிசாசுகள் இன்றும் தீயவர்களே.

எதிர்ப்பவர்களின் நியாயம்

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்பது முறை. சதுரங்கத்தில் கறுப்புக் காய் என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. நாள் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் நண்பரோடு பகடை உருட்ட வருகிறவன் நீதி விசாரணை நடத்த வரவில்லை. கதைக்கு ஓர் எதிரி வேண்டும். எதிரி கெட்டவனாக இருந்தால்தான் வெற்றி இனிக்கும். எல்லாக் குலத்தையும் ஒன்றாக்கிவிட்டால் கற்பனை உலகின் காரமும் உப்பும் போய்விடும். இப்படி அவர்கள் வாதாடுகிறார்கள்.

நிறுவனத்தின் நோக்கத்தையும் அவர்கள் ஐயுறுகிறார்கள். விசர்ட்ஸ் நிறுவனம் 1999 முதல் ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனியின் கையில் இருக்கிறது. கம்பெனிக்குத் தர்மத்தைவிட விற்பனை முக்கியம் என்பதில் புதுமை இல்லை. இந்த ஐயத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் கதைக்கு எதிரி வேண்டும் என்பதும், எதிரி பிறவியிலேயே கெட்டவனாக இருக்கவேண்டும் என்பதும் ஒன்றல்ல. ஊரைக் கொளுத்த வந்த ஆர்க்குப் படையை எதிர்த்து நிற்க, அவர்கள் கொளுத்த வந்தார்கள் என்ற ஒரு காரணம் போதும். அவர்கள் தாத்தா யார் என்று பார்க்கத் தேவையில்லை. சதுரங்கக் காயோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. சதுரங்கக் காய்க்கு 'தீயவன்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை; இங்கே வைத்தார்கள்.

1980-களில் இதே விளையாட்டுக்கு வேறு திசையிலிருந்து எதிர்ப்பு வந்தது. பிசாசு வழிபாட்டுக்கு இளைஞரை இழுக்கிறது என்று சில கிறிஸ்தவ அமைப்புகளும் பெற்றோரும் குற்றம் சாட்டினார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசு என்ற சொல்லையே எடுத்துவிட்டு வேறு பெயர் சூட்டினார்கள். அன்று இருந்த பயம், கெட்டவனாக நடித்தால் பிள்ளை கெட்டுப்போவான் என்பது. இன்று எழுந்திருப்பதோ, நல்லவனாக நடித்துக்கொண்டே வெறுக்கக் கற்றுக்கொள்வானோ என்ற கவலை. இரண்டில் பின்னதே ஆழமானது. உலகில் பெரும் கொடுமைகள் செய்தவர்களில் பலர் தம்மைத் தீயவர் என்று எண்ணிக்கொண்டு செய்யவில்லை.

சித்திரகுப்தன் கணக்கு

அப்படியானால் அறச்சார்பை எடுத்தே விடலாமா? செயலைக் கொண்டு அளக்கலாம் என்று முயன்றவர்கள் உண்டு. கணினி விளையாட்டுகளை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட் என்பவர் 1985-ல் அல்ட்டிமா வரிசையின் நான்காவது விளையாட்டை வெளியிட்டார். அதன் நாயகன் 'அவதார்' ஆகவேண்டும். அவதாரம் என்ற நம் சொல்லேதான். அதில் அழிக்கவேண்டிய கொடிய தலைவன் என்று யாரும் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், அடக்கம் என்ற எட்டுக் குணங்களில் ஆட்டக்காரர் தேறவேண்டும். மூலிகை விற்கும் பெண் கண் தெரியாதவள். உரிய காசு கொடுக்காமல் குறைத்துக் கொடுத்துவிட்டும் போகலாம், அவள் தடுக்கமாட்டாள். ஆனால் எங்கோ ஒரு கணக்கில் நேர்மை குறைந்துவிடும்.

இதிலும் ஒரு குறை ஒட்டிக்கொண்டது. கணக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், கணக்குக்காகவே நல்லது செய்யத் தோன்றுகிறது. பிச்சைக்காரனுக்கு ஒரு காசு போட்டால் கருணை ஏறும் என்றால், கருணை இல்லாமலே காசு போடலாம். 2003-ல் வந்த நட்சத்திரப் போர் விளையாட்டு ஒன்றில் ஒளிப் பக்கம், இருள் பக்கம் என்று அளவுகோலே கண்முன் ஏறி இறங்கிற்று. சித்திரகுப்தனின் ஏட்டைத் திறந்து மேசையில் வைத்துவிட்டால், புண்ணியமும் வியாபாரம் ஆகிவிடுகிறது.

2023-ல் வெளியாகிப் பெரும் புகழ் பெற்ற பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு வேறு வழியில் சென்றது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைக் கொண்டே அமைந்தது அது. ஆனால் ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு அறச்சார்பு என்ற இடமே இல்லை. பாலடின் மட்டும் ஓர் உறுதிமொழி எடுக்கிறான். அதை மீறினால் மீறியவன் என்ற பெயர் நிற்கும். பிறப்பு கேட்கப்படவில்லை, மதிப்பெண் காட்டப்படவில்லை. கொடுத்த வாக்கைக் காத்தாயா என்பதே கேள்வி.

விலங்குக்கு அறம் இல்லை

விடை இந்த விளையாட்டின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. ஓநாய்க்கும் புலிக்கும் பழைய கையேடுகள் 'நடுநிலை' என்று எழுதின. ஐந்தாம் பதிப்பு 'சார்பு அற்றது' என்றே எழுதிற்று. காரணம் எளிது. புலி மானைக் கொல்வது அதன் இயல்பு. வேறு வழி நடக்க அதற்குத் தெரியாது. தெரிந்தெடுக்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

இதே அளவுகோலை ஆர்க்குக்கும் வைத்துப் பார்க்கலாம். வேறு விதமாக நடக்க அவனால் முடியாது என்றால், அவன் புலியைப் போன்றவன். தீயவன் என்று சொல்ல இடமில்லை. முடியும் என்றால், அந்தக் குலத்தில் நல்லவரும் பிறக்கக்கூடும். எல்லாரும் தீயவர் என்று சொல்ல இடமில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் 'பிறவித் தீயவன்' என்ற சொல் நிற்கவில்லை.

ஆகவே அறச்சார்பு என்பதைப் பயனற்றது என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. தன் பாத்திரத்தின் தாளில் ஒருவர் தாமே எழுதிக்கொள்ளும்போது அது ஓர் உறுதிமொழி. ஆட்டம் முழுவதும் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். எதிரியின் தாளில் முன்கூட்டியே அச்சடித்துக் கொடுக்கும்போது அது ஒரு தீர்ப்பு. யாரையும் கேள்வி கேட்க விடாது. ஒரே சொல்தான். யார் கையால் யார் தாளில் எழுதப்படுகிறது என்பதில் அத்தனை வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளில் ஆர்க் படைப் பட்டியலிலிருந்து அரக்கர் கையேட்டுக்குப் போய், அங்கிருந்து ஆட்டக்காரரின் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டான். இனி அவன் நல்லவனாக இருப்பானா, கெட்டவனாக இருப்பானா என்பது அவன் பாத்திரத்தை ஏற்பவரின் கையில் இருக்கிறது. கெட்டவனாகவே சிலர் ஆடுவார்கள், ஆடட்டும். அவன் செய்ததைக் கண்டு அவனை எதிர்க்கட்டும். செய்யாததற்கு முன்பே அவனை வெட்டும் உரிமை மட்டும் யாருக்கும் வேண்டாம், விளையாட்டிலும்கூட.